உழாமல் மக்காச்சோளம்: செட்டிநாட்டுப் புஞ்சையில் தொடங்குபவர்களுக்கு முழு வழிகாட்டி

உழவை நிறுத்தினால் டீசல் மிச்சம், வேறென்ன வேண்டும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். கல்லல் பக்கம் செம்மண் புஞ்சை, மானாவாரி, ரொம்பக் காய்ந்தால் உயிர்த்தண்ணீர் விட ஒரு கிணறு. முதல் வருஷம் டிராக்டரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் நான் செய்தது. மேலே போட, அறுத்த பயிரின் காய்ந்த தண்டான தட்டை ஒரு கட்டுகூடக் கையில் இல்லை. நாலு மழை நேராக மண்ணில் அடித்ததும் மேல்மண் ஓடு கட்டியது, முளை பாதி வெளியே வரவில்லை, வந்ததை மயில் கிளறிப்போட்டது. அப்புறம் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் அச்சு அசலாக அதே தப்பைச் செய்வதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தட்டையைச் சேர்ப்பது முதல் படி, உழவை நிறுத்துவது கடைசிப் படி. எல்லாரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

1. முதலில் வரிசை

இந்த முறையில் மூன்று வேலை இருக்கிறது: மண்ணைக் குறைவாகக் கிளறுவது, வருஷம் முழுக்க மண்ணை மூடி வைப்பது, பயிரை மாற்றி மாற்றிப் போடுவது. மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் கணக்கு நேராகும்.

2015இல் நேச்சர் இதழில், உலகெங்கும் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. மொத்தமாகப் பார்த்தால் உழாத நிலத்தில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மழையை நம்பிய வறண்ட பகுதிகளில், தட்டையையும் விட்டுவைத்து, பயிரையும் மாற்றிப் போட்ட இடங்களில் 7.3 சதவீதம் கூடியிருந்தது. நம் புஞ்சை அந்த இரண்டாவது வகை. ஆனால் தட்டையும் பயிர் மாற்றும் இல்லாமல் உழவை மட்டும் விட்டால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது, என் முதல் வருஷம் மாதிரி.

மாதக் கணக்கு இப்படி வரும்: சித்திரை, வைகாசியில் கடைசி உழவு. ஆடியில் மூடாக்குப் பயிர், அதாவது அறுத்து மண்ணை மூடுவதற்கென்றே வளர்ப்பது. புரட்டாசியில் அதை அறுத்துப் படுக்கவைத்து மக்காச்சோள விதைப்பு. தையில் அறுவடை. ஆக, புரட்டாசி பிறந்த பிறகு யோசிப்பவர் அடுத்த வருஷத்துக்குத்தான் தயாராக முடியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். உழாமல் விதைக்கும் டிராக்டர் கருவி இருக்கிறது, ஆனால் நம் பக்கத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்துக்கு அது திரும்பவே இடம் பத்தாது.

வேண்டியது: கதிர் அரிவாள், களைக்கொத்தி, முனை கூரான ஒரு கடப்பாரை, வரிசை பிடிக்க நைலான் கயிறு, அதே நீளத்துக்கு முடிச்சுப் போட்ட இன்னொரு கயிறு (எதற்கென்று 7ஆம் படியில் சொல்கிறேன்), மண் பரிசோதனை அட்டை, வேலிக்கு முள். கையால் குத்தி விதைக்கும் கருவி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

இன்னொன்றும் வேண்டும்: விளைந்ததை வாங்க ஆள். திண்டுக்கல், பெரம்பலூர் மாதிரி இங்கே மக்காச்சோளம் பரவலாக இல்லை. கோழித்தீவனத்துக்கு எடுக்கும் வியாபாரி ஒரு லோடு சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவார். பக்கத்தில் யார் யார் போடுகிறார்கள், சேர்ந்து ஏற்ற முடியுமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

3. இடம்: 25 சென்ட் போதும்

முதல் வருஷம் ஒரு ஏக்கருக்கு ஆசைப்படாதீர்கள். ஏக்கருக்குத் தட்டை சேர்க்க உங்களால் முடியாது. ஜிம்பாப்வேயில் 2020இல் அரசாங்கமே பெரிய அளவில் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு துண்டின் அளவு 16 மீட்டருக்கு 39 மீட்டர்தான், நம் கணக்கில் சுமார் 15 சென்ட். அதற்குள் 1,456 குழி, குழியில் விதை, மேலே மூடாக்கு. அங்கேயும் தட்டைக்கு மாட்டோடு போட்டிதான். சின்ன இடத்தைத்தான் முழுசாக மூட முடியும், காவல் காக்கவும் முடியும்.

தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடங்களைத் தவிருங்கள். கண்மாய்க்குக் கீழே தண்ணீர் நிற்கும் பள்ளம் வேண்டாம். மக்காச்சோளத்துக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது, மூடாக்கு போட்டால் அந்த ஈரம் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். கோரையும் அருகும் மண்டிய இடம் வேண்டாம். அவை கிழங்கிலும் வேர்த்தண்டிலும் உயிர் வைத்திருப்பவை, மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். மந்தை போகும் வண்டிப்பாதையை ஒட்டிய இடமும் வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு 10 சென்ட்டை வழக்கம்போல் உழுது அதே விதையைப் போடுங்கள். இல்லாவிட்டால் தைமாதத்தில் எது எதனால் வந்தது என்று தெரியாது, ஊரில் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல முடியாது.

4. கடைசி உழவு

உழாமல் விவசாயம் என்று தலைப்பு வைத்துவிட்டு உழவைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வருஷக்கணக்காக ஒன்பது கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஒரே ஆழத்தில் ஓடிய செம்மண்ணில், அரையடிக்குக் கீழே ஒரு தட்டு இறுகிக் கிடக்கும். நல்ல மழைக்கு மறுநாள் ஒரு கம்பியை எடுத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்கி டக்கென்று நின்றால் அந்தத் தட்டு இருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள், ஒரு இடத்தில் சரளைக்கல் தட்டினாலும் அப்படித்தான் நிற்கும்.

தட்டு இருந்தால் கோடை மழையை ஒட்டி உளிக்கலப்பை (மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை) ஒரு தடவை ஓட்ட வேண்டும். மண் லேசாகக் காய்ந்திருக்கும்போதுதான் தட்டு வெடித்து உடையும். சேறாக இருக்கும்போது ஓட்டினால் கத்தி வெண்ணெயில் போவது மாதிரி ஒரு கோடு மட்டும் விழும், பணம் தண்டம். வேளாண் பொறியியல் துறையின் வாடகைக் கருவிகளில் உளிக்கலப்பை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

வரப்பைச் சீர்செய்வது, மேடு பள்ளம் நிரவுவது, தொழுஉரம் கலப்பது, மண் பரிசோதனையில் துத்தநாகக் குறை காட்டினால் துத்தநாக சல்பேட் போடுவது எல்லாம் இந்தச் சமயத்தோடு முடிய வேண்டும். மண்ணுக்குள் கலக்க வேண்டிய எதற்கும் இதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை.

5. மந்தைக்கு வழி சொல்லுங்கள்

பாதிப் பேர் தோற்பது இந்தப் படியில்தான். ஆனால் இது மண்ணைப் பற்றிய படியே இல்லை.

தை, மாசியில் அறுவடை முடிந்தால் ஊர் மாடு முழுக்க அவிழ்த்துவிடப்படும். அறுத்த புஞ்சை எல்லாருக்கும் மேய்ச்சல் என்பது எழுதாத சட்டம். ஊரில் ஒருவர் மட்டும் வேலி போட்டு "உள்ளே வராதே" என்றால் அது தட்டை விஷயமாக இருக்காது, உறவு விஷயமாகிவிடும். எங்கள் அப்பத்தா ஒரே வாக்கியத்தில் கேட்டது: "மாட்டு வாயில புடுங்கி மண்ணுக்குப் போடுறியாடா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் இப்போது செய்வது இது. கதிரை ஒடித்தவுடன் தட்டையை இடுப்பு உயரத்தில் அறுக்கிறேன். மேல்பாதி, இலை உள்ளது, மாட்டுக்குப் போகிறது. அடிப்பாதி தடித்த தண்டு, மாடு அதை அவ்வளவு விரும்பித் தின்னாது, அதுதான் சீக்கிரம் மக்காமலும் கிடக்கும். பக்கத்து வீட்டு மாட்டுக்கும் நாலு கட்டு நானே கொண்டுபோய்ப் போட்டேன். அடுத்த வருஷம் அவர்கள் மாடு என் வரப்பு ஏறினால் அவர்களே ஓட்டிவிடுகிறார்கள்.

கிடை போடுகிறவர்கள், அதாவது எருவுக்காக ராத்திரி வயலில் ஆட்டைப் படுக்கவைப்பவர்கள், விஷயம் வேறு. ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் ஆட்டுக்கிடை நமக்கு வேண்டியதுதான், அந்தப் புழுக்கைக்கு ஈடான எரு வேறு கிடையாது. ஆனால் இருநூறு ஆடு இரண்டு ராத்திரி படுத்தால் தரையில் ஒரு இலை மிஞ்சாது, குளம்பு பட்டு மேல்மண்ணும் இறுகும். அதனால் கிடையை உளிக்கலப்பை ஓட்டுவதற்கு முன்னால் அமர்த்துங்கள். கிடையை நடத்தும் கீதாரியிடம் முன்கூட்டியே, "அண்ணே, இந்தத் துண்டுக்கு மட்டும் சித்திரையில் வாங்க, தை மாசம் அந்தப் பக்கத்துப் புஞ்சையில போடுங்க" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். கிடை வந்து இறங்கிய பிறகு சொன்னால் சண்டைதான்.

முள்வேலி கடைசி வழி. போட்டாலும் சீமைக்கருவேல் முள்ளாக வெட்டிப் போடுங்கள், காயோடு போடாதீர்கள். ஆடு அந்தக் காயைத் தின்று உள்ளேயே விதைத்துவிட்டுப் போகும்.

6. மூடாக்கை விளைவியுங்கள்

முதல் வருஷம் உங்களிடம் பழைய மக்காச்சோளத் தட்டை இருக்காது. வைக்கோல் வாங்கிப் போடலாம் என்பார்கள். நம் பக்கத்தில் வைக்கோல் விற்கும் விலைக்கு அது மாட்டுக்காரர்களுக்கே கட்டுப்படியாகவில்லை. அதனால் மூடாக்கை அதே இடத்தில் வளர்ப்பதுதான் வழி.

ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை இரண்டு பெய்ததும் சணப்பை, தட்டைப்பயறு, கொள்ளு மூன்றையும் கலந்து தூவுங்கள். சணப்பை உயரமாகப் போகும், நார் இருப்பதால் மெதுவாக மக்கும். கொள்ளும் தட்டைப்பயறும் தரையை மூடும், களை தலையெடுக்காது. ஆடு தொல்லை அடக்க முடியாத இடமென்றால் கொழுஞ்சி போடுங்கள், அதைக் கால்நடை தொடாது. ஆனால் கொழுஞ்சி விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைக்காவிட்டால் முளைப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்.

பசுந்தாள் உரத்துக்கு 45 நாளில் மடக்கி உழச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது மூடாக்கு. பூ நன்றாக வரட்டும், இன்னும் பத்து நாள் விட்டு அறுத்தால் தண்டு முற்றிக் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் காய் பிடிக்க விடாதீர்கள், அப்புறம் மக்காச்சோளத்துக்குள் சணப்பையே களையாக வரும். வேரோடு பிடுங்காமல் தரையை ஒட்டி அறுங்கள். அந்த வேர் மக்கிய துளை வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

அறுத்து ஒரு வாரம் காயவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது கயிறு பிடித்தால் நேராகவும் நிற்காது, குழி போடவும் வராது.

7. முடிச்சுக் கயிறு

"மூடாக்கு போட்டாச்சு" என்பார்கள். போய்ப் பார்த்தால் அங்கங்கே கைப்பிடி கிடக்கும். விதைத்த பிறகும் தரையில் குறைந்தது 30 சதவீதம் மூடியிருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மக்காச்சோளத் தட்டையில் அதற்கு ஏக்கருக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், 25 சென்ட்டுக்கு 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு 30 பத்தாது, நான் 60க்குக் குறைய விடுவதில்லை.

கண்ணால் பார்த்தால் எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். அதற்குத்தான் அந்தக் கயிறு. ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு வீதம் 100 முடிச்சுப் போட்டு, வயலின் நடுவில் மூலைவாக்கில் இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் கீழே எட்டிப் பாருங்கள். தழை இருந்தால் எண்ணுங்கள், மண் தெரிந்தால் விடுங்கள். 55 முடிச்சு தழைமேல் விழுந்தால் 55 சதவீதம். இரண்டு மூலைவாக்கிலும் இழுத்துச் சராசரி எடுங்கள், பத்து நிமிஷ வேலை. இந்தக் கயிற்றை எங்கள் வீட்டில் யாரோ எடுத்துக் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டார்கள், மறு வருஷம் புதிதாக உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன்.

கரையான் விஷயம்: செம்மண்ணில் தட்டை போட்டால் கரையான் வரத்தான் செய்யும். பயந்து எடுத்துவிடாதீர்கள். தின்னக் காய்ந்த தட்டை கிடக்கும்வரை பச்சைப் பயிரை அது பெரும்பாலும் தேடி வராது. தட்டை தீர்ந்துபோன இடத்தில்தான் தண்டின் அடியில் கை வைக்கும். கரையான் தின்றதற்கு ஈடாக மறுபடி மூடுவதுதான் வேலை.

8. விதைப்பு

எப்போது விதைப்பது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உழுத நிலத்தில் ஒரு மழை பெய்தால் மண் நனைந்துவிடும். மூடாக்கு போட்ட இடத்தில் சின்ன மழையில் பாதியைத் தழையே குடித்துவிடும். மேலே ஈரமாக இருப்பதைப் பார்த்து விதைத்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தழையை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்போதுதான் விதைக்க வேண்டும்.

இடைவெளி 60க்கு 25 சென்டிமீட்டர். 25 சென்ட்டில் கிட்டத்தட்ட 6,700 குழி வரும், வீரிய ரக விதை 2 கிலோ போதும். 60 என்றால் 60 இருக்கட்டும். நெருக்கினால் களை எடுக்கப் போகும்போது கால் வைக்க இடமிருக்காது, மூடாக்குமேல் நடந்து வரிசையையே மிதிப்போம்.

வேலை இப்படிப் போகட்டும். கயிறைக் கட்டுங்கள். கயிற்றின் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குத் தழையை இரண்டு பக்கமும் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் கடப்பாரையைக் குத்தினால் தழை மடங்கிக் குழிக்குள் போய்விடும், விதை மண்ணைத் தொடாமல் தழையின் மேல் உட்காரும், முளைத்தாலும் ஊசிபோல் வெளுத்து நின்று செத்துப்போகும். முதல் தடவை செய்பவர்களின் வயலில் இடைவெளி விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குழி 4, 5 சென்டிமீட்டர் ஆழம், குழிக்கு ஒரு விதை. மண்ணை மூடிக் குதிகாலால் ஒரு அழுத்து. உழாத மண்ணில் குழிக்குள் காற்று நின்றுவிடும், அழுத்தினால்தான் மண் விதையோடு ஒட்டும். மயிலுக்கும் குழி எங்கே என்று உடனே தெரியாது. மறக்காமல் ஓரத்தில் ஒரு பாத்தியில் நாலு பிடி விதையை நெருக்கிப் போட்டு வையுங்கள், எட்டாம் நாள் ஈரமண்ணோடு பெயர்த்து இடைவெளியை நிரப்பலாம்.

இந்த ஒதுக்கிய சாண் அகலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்களோடு வேலைக்கு வந்த பெண்கள் முதல் வருஷம் தழைக்குள் கை வைக்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். பாம்பு, தேள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை, தழைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வரிசை திறந்திருந்தால் கை வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். முன்னால் ஒருவர் கம்பால் தட்டிக்கொண்டே போகட்டும், காலில் பூட்ஸ் இருக்கட்டும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

9. உரம்: யூரியாவை விசிறாதீர்கள்

தட்டையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். அவை முதலில் எடுத்துக்கொள்ளும், பயிர் மூன்றாம் வாரத்தில் மஞ்சளாக நிற்கும். பயறுவகை மூடாக்கில் இது குறைவு, மக்காச்சோளத் தட்டையிலும் வைக்கோலிலும் நன்றாகவே தெரியும். அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் பலர் "இந்த முறை சரிப்படாது" என்று தட்டையை வாரி வெளியே போட்டுவிடுகிறார்கள்.

வீரிய ரக இறவை மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் தழை, மணி, சாம்பல் சத்து ஹெக்டேருக்கு 250:75:75 கிலோ, ஏக்கருக்கு 100:30:30. மானாவாரிக்கு இவ்வளவு தேவையில்லை, மண் அட்டையைப் பார்த்துக் குறையுங்கள். தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதிக் கால் 45ஆம் நாள். முற்றிய தட்டைதான் மூடாக்கு என்றால் நடுவில் போடுவதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடியுரத்தை மூன்றில் ஒரு பங்காக்குங்கள். மொத்தத்தைக் கூட்ட வேண்டாம்.

எப்படிப் போடுவது என்பதுதான் முக்கியம். தழைமேல் யூரியாவை விசிறினால் அதில் ஒரு பங்கு மண்ணைத் தொடுவதற்குள் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். நான் ஒரு வருஷம் சோம்பல்பட்டு விசிறினேன்; மூக்கில் காரமாக வாடை அடித்தது, அத்தனையும் காசு. செடிக்கு நாலு விரல் தள்ளிக் கொத்தியால் ஒரு குத்து, சிட்டிகை உரம், மண்ணால் மூடு. மெதுவான வேலைதான், ஆனால் 25 சென்ட்டை ஒரு காலையில் முடித்துவிடலாம்.

10. களை

முதல் இரண்டு வருஷம் களை எடுக்கும் வேலை கூடும். மூடாக்கு போட்டால் களையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உழவு செய்துவந்த வேலையில் பாதி களையெடுப்புதான், அதை நிறுத்தியிருக்கிறோம். மூன்றாம் வருஷத்திலிருந்து, களையை விதை தள்ளவிடாமல் பார்த்துக்கொண்டால், குறையும்.

விதைத்த நாளிலிருந்து 40, 45 நாள்வரை விடாமல் பாருங்கள். கொத்திப் புரட்ட வேண்டாம், அரிவாளால் தரையோடு அறுத்து அங்கேயே போடுங்கள். புரட்டினால் கீழே தூங்கும் விதை எல்லாம் மேலே வந்து முளைக்கும்.

களைக்கொல்லி பற்றிக் கேட்பார்கள். அட்ரசின் மண்ணில் படிந்தால்தான் வேலை செய்யும், கனத்த மூடாக்கில் தழையோடு நின்றுவிடும். ஊடுபயிராகப் பயறு போட்டிருந்தால் தொடவே கூடாது, பயறு கருகும். கிளைபோசேட் அடித்துவிட்டு விதைப்பதுதான் பல நாடுகளில் வழக்கம். இங்கே 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலாளர் தவிர மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாதென அறிவிக்கை போட்டது. பாராகுவாட் பக்கமே போகாதீர்கள், உள்ளே போனால் அதற்கு மாற்றுமருந்து கிடையாது. 25 சென்ட்டுக்கு அரிவாள் போதும்.

11. படைப்புழு

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளம் என்றாலே இதுதான் பேச்சு. இங்கே ஒரு முரண் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும், கோடை உழவு செய்து வெயிலிலும் பறவைக்கும் காட்டுங்கள் என்பது வேளாண்துறையின் முதல் பரிந்துரை. நாம் உழவில்லை என்கிறோம்.

கிழக்கு ஜிம்பாப்வேயில் சிறுவிவசாயிகளின் வயல்களில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. அதில் உழாத, குறைவாக உழுத வயல்களில் படைப்புழுச் சேதம் குறைவாகவே இருந்தது. அடிக்கடி களை எடுத்த வயல்களிலும் குறைவு. மூடாக்குக்குள் வாழும் சிலந்தி, எறும்பு, தரைவண்டு வேட்டையாடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருக்க முடியாது. உழவில்லை என்றால் மக்காச்சோளத்துக்கு மேல் மக்காச்சோளம் போடவே கூடாது. மண்ணிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சிக்கு முட்டையிடப் பக்கத்தில் மக்காச்சோளம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

மற்றபடி: பூச்சிமருந்து நேர்த்தி செய்த விதை, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள், ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது). பத்தாம் நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை விடியற்காலை வயலில் நடங்கள். இலையில் கண்ணாடிமாதிரி சுரண்டிய தடம், குருத்தில் மரத்தூள்போல் எச்சம் இருக்கிறதா பாருங்கள். புழுவின் தலையில் கவிழ்த்த ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக்கோடு, வால்பக்கம் சதுரமாக நாலு புள்ளி இருந்தால் அதுதான்.

சின்னப் புழுவாக இருக்கும்போது வேப்பெண்ணெய் சார்ந்த மருந்தே கேட்கும். கூடினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம், சாயங்காலம், குருத்துக்குள் இறங்கும்படி. இலைமேல் புகைபோல் அடித்துவிட்டுப் போனால் உள்ளே எச்சத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

12. அறுவடை, அப்புறம் உடனே பயறு

பூட்டை (உச்சியில் வரும் ஆண்பூ) வந்து பட்டுநூல் வெளிவரும் 50 முதல் 65ஆம் நாள்வரை மழை விட்டுப்போனால் கிணற்றுத் தண்ணீரை அப்போது கொடுங்கள், மற்ற நாளில் மிச்சம் பிடியுங்கள். உழுத 10 சென்ட் மதியம் இலை சுருட்டி நிற்கும்போது மூடாக்குப் பக்கம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சுருட்டும். பக்கத்தில் உழுத துண்டு வைத்திருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

கதிரை ஒடித்து, தட்டையை இடுப்பளவில் அறுத்து, அதே வாரத்தில் வரிசைகளுக்கு நடுவே உளுந்தோ தட்டைப்பயறோ குத்துங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் தரிசில் உளுந்து தெளிப்பதும் உழாத விவசாயம்தானே, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மண்ணில் மிச்ச ஈரம் இருக்கும்போதே செய்ய வேண்டும், பத்து நாள் தள்ளினால் முளைப்பு பாதியாகிவிடும். புஞ்சையில் பச்சைப் பயிர் நிற்கும்போது மாட்டை உள்ளே விட ஊரில் யாருக்கும் மனசு வராது. வேலியைவிட இது நல்ல காவல்.

மாற்றுப்பயிராக நிலக்கடலை போடலாமா என்பது நம் பக்கத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி. போடலாம், ஆனால் கடலையைப் பிடுங்கும்போது மொத்த மண்ணும் கிளறப்படும், கொடியும் மாட்டுக்குப் போய்விடும், தரை மொட்டையாகிவிடும். இந்தத் துண்டில் வேண்டாம், கடலைக்கு வேறு இடம் பாருங்கள்.

13. இரண்டாம் வருஷம்

ஆடி மழைக்கு மறுபடி மூடாக்குப் பயிரைத் தூவுங்கள். இந்தத் தடவை பழைய தட்டையும் அடியில் கிடப்பதால் விதை தரையைத் தொடாது. தூவியபின் ஒரு குச்சியால் தழையைத் தட்டிவிட்டால் விதை கீழே இறங்கும். புரட்டாசியில் இந்தத் துண்டில் மக்காச்சோளத்துக்குப் பதில் கம்போ துவரையோ போட்டுவிட்டு, மக்காச்சோளத்தைப் பக்கத்தில் தயார் செய்த அடுத்த 25 சென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த இடத்துக்கு வேண்டிய தட்டை இப்போது உங்களிடமே இருக்கும், ஆனால் இங்கிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

புதிய வரிசையைப் பழைய அடிக்கட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கட்டையின் மேலேயே குத்தினால் கடப்பாரை வழுக்கும், தள்ளிக் குத்தினால் போன வருஷ வேர் ஓடிய இளகின மண் கிடைக்கும். கம்பியையும் ஒரு தடவை எடுத்து மழைக்கு மறுநாள் குத்திப் பாருங்கள். போன வருஷத்தைவிட ஆழமாக இறங்கினால் உளிக்கலப்பை வேண்டாம். அதே இடத்தில் நின்றால் இன்னொரு சித்திரைக்கு ஒரு தடவை ஓட்டிவிட்டு மறுபடி மூடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.